பாடினவருக்கு என்ன கிடைத்தது?

நம் சங்க அலுவலகத்தில், ஜன்னலை ஒட்டி ஒரு பச்சை இரும்பு பீரோ இருப்பதை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் அதன்மேல் குடையையும் பையையும் வைப்பதோடு சரி. அதற்குள் 143 ஒலிநாடாக்கள் இருக்கின்றன. 1978 பொங்கல் விழா தொடங்கி 1997 வரை நம் மேடையில் நடந்த கச்சேரிகள், நாடகங்கள், இரண்டு பட்டிமன்றங்கள். சென்ற ஆண்டு செயற்குழுவில் இளைஞர் ஒருவர் எழுந்து, "மாமா, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி யூடியூப்ல போட்டுடலாமே! உலகம் பூரா கேக்கட்டும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி உறைத்தது.

"யாரைக் கேட்டுப் போடறது?" என்றேன்.

"யாரைக் கேக்கணும்? நம்ம மேடை, நம்ம மைக்கு, நம்ம கேசட்டு" என்றார் பொருளாளர்.

நாற்பது வருஷம் ஒரு கம்பெனியில் பேரேடு எழுதியவன் நான். கணக்கில் யாரும் என்னை மடக்கிவிட முடியாது என்று ஒரு சின்ன கர்வம் உண்டு. ஆனால் அன்று எனக்குப் பதில் வரவில்லை. மைக் நம்முடையது, நாடா நம்முடையது, சரிதான். அதில் இருக்கும் தோடி யாருடையது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மலர்க்குழுவினர் கேட்டது 'இசையும் தொழில்நுட்பமும்' என்ற தலைப்பில். நான் தருவது இசையும் கூலியும்.

கல்கத்தாவில் வாழும் நமக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி உரிமையே உண்டு. இந்தியாவின் இசைத்தட்டு வியாபாரம் தொடங்கியதே இந்த ஊரில்தான். ஃபிரெட் கைஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் இங்கே வந்து இறங்கி, 1902 நவம்பரில் கௌஹர் ஜானைப் பாட வைத்துப் பதிவு செய்தார். அந்தப் பழைய தட்டுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். ஏதோ கர்வத்தில் சொன்னார் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். காரணம் வேறு. பதிவான மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவருக்குப் போய்த்தான் அச்சாக வேண்டும். அங்கே இருப்பவனுக்குப் பாஷையும் தெரியாது, ஆளும் தெரியாது. எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது? அதனால் தட்டே தன் பெயரைச் சொல்லியது. 1908இல் சியால்தாவில் தொழிற்சாலை வந்தது. பிறகு டம்டமுக்குப் போனது. தட்டு செய்ய வேண்டிய அரக்கோ பக்கத்திலேயே, சோட்டா நாக்பூர் காடுகளில் கிடைத்தது. நம் தாத்தா காலத்து 'நாய் மார்க்' ரிக்கார்டு எதை எடுத்தாலும் அதில் ஒரு பிடி கல்கத்தா இருக்கும்.

அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் இடம். ஒரு மணி நேரம் தோடி பாடுகிறவரைக் கூப்பிட்டு, மூன்று நிமிஷத்தில் ஆலாபனையும் கீர்த்தனையும் முடியுங்கள் என்றார்கள். முடித்தார்கள். அதைக் கலையின் வீழ்ச்சி என்று புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அந்த மூன்று நிமிஷத்தில் சிலர் கொட்டியிருப்பது இன்றைய மூன்று மணி நேரக் கச்சேரியில்கூடக் கிடைப்பதில்லை. என் வருத்தம் வேறு. பெரும்பாலானவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை, கையெழுத்து, வணக்கம். அதோடு சரி. தட்டு நூறு விற்றாலும் லட்சம் விற்றாலும் பாடினவருக்கு அதே தொகை. விற்பனையில் பங்கு, அதாவது ராயல்டி, என்பது பேர் போன சிலருக்கு மட்டுமே வாய்த்தது.

அப்படியானால் ஏன் பாடப் போனார்கள்? தட்டு சோறு போடவில்லை. தட்டு பேர் கொடுத்தது. அந்தப் பேர்தான் சோறு போட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926இல் வந்தது. அப்போது அவருக்கு வயது பத்து. மதுரைச் சந்து ஒன்றிலிருந்து அந்தக் குரல் வெளியே வந்த வழி அதுதான். கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையும் இசைத்தட்டும் சேர்ந்து அவருக்குக் கொடுத்த பேருக்குத்தான் 1935இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ஒரு லட்சம்! ஆக, ரிக்கார்டு என்பது கலைஞருக்கு ஒரு விளம்பரப் பலகை. கம்பெனிக்கு அதுவே சரக்கு. இந்த ஏற்பாடு நூறு வருஷமாக அப்படியே நடக்கிறது. பலகையின் வடிவம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். பயப்படாதீர்கள், சுருக்கமாகவே சொல்லுகிறேன்.

1957இல் வந்த நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 'இசைப் படைப்பு' என்பதற்கு ஒரு விளக்கம் இருந்தது. எழுதப்பட்டதோ, அச்சிடப்பட்டதோ, எப்படியாவது வரிவடிவத்தில் இருக்கும் இசைதான் இசைப் படைப்பு என்றார்கள். வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. மேல்நாட்டில் இசையை எழுதிவைத்து வாசிக்கிறார்கள், சரி. நம்மூரில் ஒரு வித்வான் மேடையில் உட்கார்ந்து அந்த நிமிஷத்தில் மனதில் தோன்றியதைப் பாடுகிறாரே, அந்த ராக ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் - நம் சங்கீதத்தின் உயிரே அதுதானே? சட்டத்தின் கண்ணில் அது படைப்பே இல்லை. நோட்டுப் புத்தகத்தில் இருந்தால் சொத்து. தொண்டையில் இருந்தால் காற்று. 1994இல்தான் இந்த விளக்கத்தைத் திருத்தி, எழுதியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்தார்கள். அதே திருத்தத்தில்தான் நிகழ்த்துகிறவருக்கும் ஒரு உரிமை உண்டு என்று முதல்முறையாக ஏற்றுக்கொண்டார்கள். கைஸ்பெர்க் வந்துபோய் 92 வருஷம் கழித்து!

நடுவில் 1977இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. 1969இல் உருவான ஐ.பி.ஆர்.எஸ். என்ற பாடலாசிரியர், இசையமைப்பாளர் சங்கம் ஒரு பக்கம்; கிழக்கிந்தியப் படத் தயாரிப்பாளர் சங்கம் மறுபக்கம். நம் ஊர்க் கட்சிதான். படத்துக்காகக் கூலி கொடுத்துப் போட வைத்த பாட்டு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளருடையது என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அதில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாட்டின் உயிர் பாடுகிறவரிடம் இருக்க, நம் சட்டம் காகிதத்தில் உள்ள மெட்டுக்கு மட்டும் உரிமை கொடுத்துப் பாடகரை விட்டுவிட்டதே, இதைத் திருத்தக் கூடாதா என்ற பொருளில் எழுதியிருக்கிறார். தீர்ப்பு தயாரிப்பாளர் பக்கம். மனசு பாடகர் பக்கம். பாலக்காட்டுக்காரர், சங்கீதம் கேட்டு வளர்ந்த காது என்பது அந்தப் பத்தியில் தெரிகிறது.

பாடகருக்கு ராயல்டி வேண்டும் என்று அதற்கு முன்பே ஒருவர் குரல் எழுப்பியிருந்தார். 1960களின் தொடக்கத்தில் லதா மங்கேஷ்கர் அதைக் கேட்டபோது, முகமது ரஃபி ஒப்புக்கொள்ளவில்லை. பாடினோம், பணம் வாங்கினோம், அதோடு நம் கணக்குத் தீர்ந்தது என்பது அவர் நியாயம். இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடவே இல்லை. நம் வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது ரஃபியைத்தான் பெரிய மனுஷர் என்போம். "பாருங்கோ, எப்பேர்ப்பட்ட மனசு! காசைப் பத்தி நினைக்கவே இல்லை." ரஃபியின் குணத்தில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் கணக்குப்பிள்ளையாகச் சொல்லுகிறேன், அன்றைக்குச் சரியாகப் பேசியவர் லதாதான். ரஃபி விட்டுக்கொடுத்தது தன் பங்கை மட்டுமல்ல. பேரம் பேசும் பலம் இல்லாத நூறு பேரின் பங்கும் அதில் போயிற்று. அந்தப் பணம் ஏழைக்குப் போயிருந்தால் பரவாயில்லை. கம்பெனிக்கல்லவா போனது!

'கலையை விலை பேசலாமா' என்று கேட்பது நம்மவர்களுக்கு ஒரு பழக்கம். கேட்கிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் விலை கொடுக்க வேண்டியவராக இருப்பார்.

இப்போது என் குற்றப்பத்திரிகையையும் நானே வாசித்துவிடுகிறேன். கேசட் வந்த காலம். 1985இல் போனஸ் பணத்தில் இரட்டை நாடா வைக்கும் டேப்ரிக்கார்டர் ஒன்று வாங்கினேன். லேக் மார்க்கெட் பக்கம் இருந்த நம்மவர்களில் யாராவது மெட்ராஸ் போய்வந்தால், டிசம்பர் சீஸன் கேசட் நாலு கொண்டுவருவார்கள். சனிக்கிழமை ராத்திரி என் வீட்டில் 'பிரதி எடுக்கும் யாகம்' நடக்கும். ஒன்று வாங்கினால் பதினைந்து வீட்டுக்குப் போகும். வெற்று நாடாவுக்குக் காசு கொடுத்தோம், மின்சாரத்துக்குக் கொடுத்தோம், வந்தவர்களுக்கு என் மனைவி போட்ட காப்பிக்கு டிகாஷன் பொடி வாங்கினோம். பாடினவருக்கு மட்டும் ஒன்றும் போகவில்லை. அது திருட்டு என்று யாருக்குமே தோன்றவில்லை. சங்கீதத்தைப் பரப்புகிறோம் என்றுதான் நினைத்தோம். வெளிமாநிலத்தில் இருக்கிறோம், கடையில் கிடைப்பதில்லை என்ற சமாதானமும் கையில் இருந்தது. அதில் பாதி உண்மை. கிடைத்த பிறகும் பிரதி எடுத்தோமே, அது மீதிப் பாதி.

நாங்கள் பதினைந்து பேர் செய்ததைப் பெரிய அளவில் செய்தவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். கள்ள நாடா ஒரு பக்கம். சட்டத்துக்கு உட்பட்டே நடந்த வேறொரு வித்தை இன்னொரு பக்கம். ஒரு பாட்டு இசைத்தட்டாக வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டால், மெட்டுக்கும் வரிக்கும் உரியவருக்கு விதிப்படி ஒரு தொகையைக் கட்டிவிட்டு, வேறு குரலில் அதைப் பதிவு செய்து விற்கலாம் என்று அப்போது இடம் இருந்தது. டி-சீரிஸ் குல்ஷன் குமார் அதைப் பிடித்துக்கொண்டார். ரஃபி பாட்டு சோனு நிகம் குரலில், பழைய நாய் மார்க் விலையில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. பழைய கம்பெனிகள் ஆடிப்போயின. பலரும் இதைப் பழிக்கிறார்கள். எனக்கு இரண்டு மனசு. மலிவு விலை கேசட் வந்திராவிட்டால் பஜனைப் பாட்டுக்காரர்கள், கிராமியப் பாடகர்கள் எத்தனையோ பேருக்கு ஒலிப்பதிவு என்பதே எட்டாக் கனியாக இருந்திருக்கும். ஆனால் ரஃபியின் குரலே அவர் பாட்டுக்குப் போட்டியாளனை வளர்த்துவிட்டது. அந்தக் குரலுக்கோ சட்டத்தில் ஒரு இடமும் இல்லை. 2012க்குப் பிறகு இந்த வழி குறுகிவிட்டது. இப்போது ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்னதாகக் கட்ட வேண்டும்.

நமக்கெல்லாம் தெரிந்த ஒரு மிருதங்க வித்வான் இந்த ஊரில் இருந்தார். பெயர் சொல்லவில்லை; மூத்தவர்களுக்குப் புரியும். பகலில் ஆபீஸ் உத்தியோகம், மாலையில் பாடம், சனி ஞாயிறு கச்சேரி. 1986இல் ஒரு கேசட் கம்பெனிக்காக மெட்ராஸ் போய் இரண்டு நாள் வாசித்துவிட்டு வந்தார். பக்திப் பாட்டுகள். வந்ததும் கேட்டேன்: "அண்ணா, எவ்வளவு கொடுத்தான்?" சிரித்தார். "முன்னூறு ரூபாய், போகவர ரெண்டாம் கிளாஸ் டிக்கெட், அஞ்சு கேசட்." அந்த நாடா கோவில் திருவிழாக்களில், டீக்கடைகளில், பஸ்களில் பத்து வருஷம் ஓடியது. ஒருமுறை குடும்பத்தோடு கும்பகோணம் போயிருந்தபோது கடைத்தெருவில் அது கேட்டது. அவருடைய பெண் அப்போது சின்னவள். "அப்பா, உங்க வாசிப்பு!" என்று கத்தினாளாம். கடைக்காரர் நம்பவில்லை. கேசட் உறையை எடுத்துக் காட்டினார். பாடகர் பெயர் இருந்தது, இசை அமைத்தவர் பெயர் இருந்தது, கம்பெனி முகவரி இருந்தது. மிருதங்கம் யார் என்று இல்லை. "நான் என்னத்தைச் சொல்லி நிரூபிக்கறது? கடைத்தெருவிலே உக்காந்து வாசிச்சா காட்ட முடியும்?" என்று என்னிடம் சொன்னார். முன்னூறு ரூபாயைப் பற்றிச் சிரித்தவர், இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

எதிர்ப்பக்கம் ஒரு கணக்கு உண்டு. எம்.எஸ். பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் எல்.பி.யாக வந்தது. அதன் ராயல்டியை அவர் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குப் போகும்படி எழுதிவைத்தார். விடிகாலையில் நம் வீட்டில் அது ஒலித்த ஒவ்வொரு நாளும், நாம் காசு கொடுத்து வாங்கிய தட்டாகவோ நாடாவாகவோ இருந்தால், ஒரு பிள்ளை வேதம் படிக்க அதில் ஒரு துளி போயிருக்கிறது. அந்த அம்மாளின் தியாகத்தைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: தானம் செய்வதற்கு முதலில் கையில் ஒன்று இருக்க வேண்டும். விற்பனையில் பங்கு என்று ஒப்பந்தம் போட்டிருந்ததால்தான் அதைத் தூக்கிக் கொடுக்க முடிந்தது. முன்னூறு ரூபாயும் அஞ்சு கேசட்டும் வாங்கினவர் எதை தானம் செய்வார்? ஒலிப்பதிவுக்குச் சட்டம் கொடுக்கும் ஆயுள், வெளியான ஆண்டு முடிந்து அறுபது வருஷம். அந்தக் கணக்கில் சுப்ரபாதப் பதிவின் காலம் 2023 டிசம்பரோடு முடிந்தது.

கல்கத்தாத் தமிழனுக்கு இங்கே தாகூரையும் பாரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. தாகூர் 1941இல் மறைந்தார். ஐம்பது வருஷக் கணக்கில் 1991 முடிவில் அவர் எழுத்து பொதுவாகியிருக்க வேண்டும். 1992இல் சட்டத்தையே திருத்தி அறுபது ஆக்கினார்கள். 2001 டிசம்பர் வரை விசுவபாரதியின் கையில் இருந்தது. ரவீந்திர சங்கீதத்தைத் தட்டில் பாட விசுவபாரதியின் இசைக் குழு சம்மதிக்க வேண்டும். மெட்டு பிசகாமல் காத்தார்கள், உண்மை. ஆனால் தேவப்ரத பிஸ்வாஸ் போன்ற பெருங்குரலுக்கு வாத்தியம் இப்படி, தாளம் அப்படி என்று ஆட்சேபம் சொன்னதும் அதே குழுதான். அவர் மனம் கசந்து ரவீந்திர சங்கீதம் பதிவு செய்வதையே நிறுத்தினார். இன்றும் இங்கே டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சி உண்டு.

பாரதி விஷயம் நேர் எதிர். இசைத்தட்டிலும் படத்திலும் பாரதி பாடல்களைப் பயன்படுத்தும் உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்பனிடம் வந்திருந்தது. சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கியவர் அவர். அதன் மதிப்பு அவருக்குத் தெரியும். 1947இல் 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி வீடுவீடாகப் போனார். பிறகு எதிர்ப்பு கிளம்பி, 1949இல் சென்னை அரசு உரிமையை எடுத்துக்கொண்டு, 1955இல் மக்களுக்கே விட்டது. குடும்பத்துக்கு, செல்லம்மாளுக்கும் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு ஐயாயிரமாக, 15,000 ரூபாய். தேசத்தின் கவியை தேசத்துக்குக் கொடுத்தது பெரிய காரியம். ஆனாலும், கவி மறைந்து 28 வருஷம், அந்தக் குடும்பம் பட்ட பாடு, கடைசியில் 15,000 - பேரேட்டில் இந்த வரியை எழுத என் பேனா தயங்கும்.

கர்நாடக சங்கீதத்தில் இன்னொரு நுட்பம். தியாகையர் 1847இல் சித்தியடைந்தார். அவர் கீர்த்தனைக்கு யாருக்கும் ராயல்டி இல்லை. எல்லாம் பொதுச் சொத்து. ஆனால் பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர். அவர் பாடல்கள் 2033 முடிய உரிமைக்குட்பட்டவை. நம் பீரோவில் இருக்கும் கச்சேரிகளில் துக்கடாப் பகுதியில் சிவன் பாட்டு இல்லாத நாடா ஒன்றுகூட இல்லை. யூடியூப்பில் போடச் சொன்ன தம்பி இதைக் கேட்டதும், "மாமா, நீங்க ரொம்ப பயமுறுத்தறேள்" என்றார்.

2012இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம் நல்லது என்றே சொல்லவேண்டும். ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இருந்து போராடியது வீண்போகவில்லை. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், தியேட்டருக்கு வெளியே பாட்டு எங்கே பயன்பட்டாலும், சரிபாதிப் பங்கு ராயல்டி பெறும் உரிமையை இனி எழுதிக் கொடுத்துவிட முடியாது. வறுமையில் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. பாடகருக்கும் வர்த்தகப் பயன்பாட்டில் பங்கு வந்தது. ஆனால் அதே சட்டத்தில் 'நிகழ்த்துகிறவர்' என்பதற்கு ஒரு விலக்கு சேர்த்திருக்கிறார்கள். சினிமாவில், தற்செயலாகவோ துணையாகவோ நிகழ்த்தி, வழக்கமாகப் பெயர்ப் பட்டியலில் இடம்பெறாதவர், நிகழ்த்துகிறவராகக் கருதப்பட மாட்டார்! பேர் போட்டால் உரிமை. பேர் போடாவிட்டால் உரிமை இல்லை. சரி, பேர் போடுவது யார் கையில் இருக்கிறது? காசு கொடுக்க வேண்டியவர் கையில். இதை எழுதியவர்கள் கும்பகோணம் கடைத்தெருவில் ஒருநாள் நின்றிருக்க வேண்டும்.

2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் போனபோது நம் சங்கமே இரண்டுபட்டது ஞாபகமிருக்கும். "தான் பாடின பாட்டைத் தானே பாடக்கூடாதா?" என்று ஒரு கட்சி. "போட்டவர் ராஜா, கேக்காம பாடலாமா?" என்று மறுகட்சி. நண்பர்கள் இருவருக்கு நடுவில் வக்கீல் வந்தது எனக்கும் வருத்தம்தான். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மேடையில் டிக்கெட் போட்டுப் பாடும்போது மெட்டுக்கும் வரிக்கும் உரியவருக்கு ஒரு பங்கு போக வேண்டும். அந்த அனுமதியை வாங்கிப் பணம் கட்ட வேண்டியது சாதாரணமாக நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவர்கள். பாடகர் தலையில் அது விடிந்தது, ஏற்பாட்டாளர்கள் என்ற ஜாதியை, அதாவது நம்மை, யாரும் கவனிக்காததால். நம் மெல்லிசை இரவுக்கு டிக்கெட் 300 ரூபாய் வைத்தோமே, லைசென்ஸ் வாங்கினோமா? அந்த வருஷக் கணக்கைத் தணிக்கை செய்தவன் நான்தான். அப்படி ஒரு செலவு அதில் இல்லை. காசு வாங்காமல், அமெச்சூர் மன்றமாக, நம் பிள்ளைகளே பாடும் நிகழ்ச்சிக்குச் சட்டம் விலக்கு தருகிறது. பொங்கலுக்குக் குழந்தைகள் பாடுவதற்கு யாரும் நோட்டீஸ் அனுப்பமாட்டார்கள், கவலை வேண்டாம்.

இணையத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வயது போதாது, அல்லது வயது கூடிப்போயிற்று. மாதச் சந்தா கட்டி உலகத்துப் பாட்டையெல்லாம் கேட்கலாம். ஒருமுறை கேட்டால் பாடினவருக்குப் போய்ச் சேருவது பைசாக் கணக்கு. அதுவும் பல கை மாறி. எனக்கு விசித்திரமாகப் பட்டது வேறு. தட்டு, நாடா, சி.டி. எல்லாம் செத்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, 2017இல் அந்தப் பழைய டம்டம் கம்பெனியின் வாரிசான சரிகம, 5,000 பாட்டை உள்ளே அடைத்து, பழைய ரேடியோ போல ஒரு பெட்டி செய்து விற்றது. என் பேரன் எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தான். குமிழைத் திருகினால் பாட்டு. நம் வயதுக்காரர்களுக்குக் கையில் பிடிக்க ஒரு சாமான் வேண்டியிருக்கிறது. டிசம்பரில் சபா வாசலில் மேஜை போட்டுப் பாடகரே தன் சி.டி.யை விற்று நான் வாங்கியிருக்கிறேன். அந்த நூறு ரூபாயில் அவருக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கண்ணெதிரே பையில் போட்டுக்கொண்டார். இணையத்தில் அந்த மேஜை எங்கே இருக்கிறது என்பதை இளைஞர்கள்தான் காட்ட வேண்டும்.

பீரோவுக்கு வருகிறேன். செயற்குழு என்னையே இதைக் கவனிக்கச் சொன்னது. நாடா உறைகளில் இருந்த பெயர்களைக் கொண்டு, கிடைத்த முகவரிகளுக்கு 38 கடிதம் போட்டேன். உங்கள் அல்லது உங்கள் குடும்பத்தாரின் கச்சேரி எங்களிடம் இருக்கிறது, வெளியிடலாமா, வருமானம் வந்தால் பங்கு உண்டு, பிரதி ஒன்று இலவசமாக அனுப்புவோம் என்று எழுதினேன். 17 பதில் வந்தது. பெரும்பாலும் சம்மதம். ஒரு பாடகி மறுத்துவிட்டார். "அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ரயிலில் வந்த களைப்பு. நீங்கள் பாராட்டினீர்கள், எனக்குத் தெரியும் எப்படிப் பாடினேன் என்று. வேண்டாம்." அந்த நாடாவைப் போட்டுக் கேட்டேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. என்றாலும் அது உள்ளேயே இருக்கும்.

மிருதங்க வித்வானின் பெண்ணிடமிருந்து பதிலுக்குப் பதிலாக ஃபோன் வந்தது. இப்போது புனேயில் இருக்கிறாள். "மாமா, பணமெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அப்பா வாசிச்சது எங்கிட்ட ஒண்ணுகூட இல்லை. இருந்த அஞ்சு கேசட்டையும் அப்பா அவருக்குத் தெரிஞ்சவாளுக்குக் கொடுத்துட்டார். பேரைப் போட்டுடுங்கோ. முழுப் பேரா போடுங்கோ, இனிஷியலோட."

போட்டாயிற்று. ஆனால் 143 நாடாவில் 61இல் பாடகர் பெயர் மட்டுமே எழுதியிருக்கிறது. வயலின், மிருதங்கம், கடம், தம்பூரா யார் என்று இல்லை. எழுதாதவர்களில் நானும் ஒருவன். பல உறைகளில் இருப்பது என் கையெழுத்து. 1979 நவராத்திரி மூன்றாம் நாள் வயலின் வாசித்த இளைஞர், 1984 பொங்கல் கச்சேரியில் கடம் வாசித்தவர், 1991 தியாகராஜ உத்சவத்தில் இரண்டு மிருதங்கங்களில் இடதுபக்கம் உட்கார்ந்தவர் - இவர்களை அறிந்தவர்கள், அன்று எடுத்த புகைப்படமோ அழைப்பிதழோ வைத்திருப்பவர்கள், தயவுசெய்து செயலாளரிடம் தெரிவியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் அலுவலகத்தில் இருப்பேன். பீரோமேல் இருக்கும் குடைகளையும் எடுத்துக்கொண்டு போகலாம்.